மிக்சியின் அடியில் எழுதிய எட்டு

போன சனிக்கிழமை பள்ளிக்கூடம் அரை நாள். வீட்டுக் குக்கரின் கைப்பிடி ஒரு வாரமாக ஆடிக்கொண்டிருந்தது. அதை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் சந்துக்குப் போனேன். ரகீம் பாய் கடை பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமைதான் அவருக்கு லீவு. சனிக்கிழமை பூட்டி நான் பார்த்ததில்லை. தொழுகைக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டு பத்து நிமிடம் வெயிலில் நின்றேன். எதிர் டீக்கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாய்லரை அப்படியே விட்டுவிட்டு இறங்கி வந்தார்.

"டீச்சர், உங்களுக்குத் தெரியாதா? பாய் மவுத்தாயிட்டாருங்க. வியாழக்கிழமை விடியக்காலையில. அன்னிக்கே அடக்கம் பண்ணிட்டாங்க."

"என்னங்க சொல்றீங்க? போன வாரம்தானே பாத்தேன்!"

"நாங்க புதன்கிழமை சாயங்காலம் வரைக்கும் பாத்தோம். இந்த பெஞ்சிலதான் ஒக்காந்து டீ குடிச்சிட்டுப் போனாரு. நெஞ்சு வலின்னு ஒரு வார்த்தை சொல்லல."

பரீட்சைத் தாள் திருத்த மூன்று நாள் அரியலூர் போயிருந்த எனக்கு மட்டும்தான் தெரியாமல் போயிருந்தது. இனி இந்தக் கைப்பிடியை யாரிடம் கொடுப்பது என்பதுதான் முதலில் என் மனதில் வந்தது. செத்த மனிதரை நினைக்காமல் குக்கரை நினைத்தேனே என்று இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்தச் சந்துக்குப் போன நம்மில் பலருக்கும் அவரை நினைத்தால் கூடவே ஒரு ஸ்டவ்வோ மிக்சியோ நினைவுக்கு வரத்தான் செய்யும். அவரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

அவரைத் தெரிந்தவர்களுக்கு அவர் கடையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கட்டில் அகலம். பலகை இல்லை, பெயர் இல்லை. மண்ணெண்ணெய் ஸ்டவ், பிரஷர் குக்கர், மிக்சி, இஸ்திரிப் பெட்டி எது போனாலும் வாங்கி மடியில் கவிழ்த்து வைத்துக்கொள்வார். என்ன கோளாறு என்று கேட்பதற்கு முன்னால் அதன் வயதைச் சொல்வார். அடியில் இருக்கும் ரப்பர் காலை நகத்தால் அழுத்திப் பார்ப்பார். ஒயர் உள்ளே என்ன நிறம் என்று பிரித்துப் பார்ப்பார். சுவிட்சை இரண்டு தடவை தட்டி அந்தச் சத்தத்தைக் கேட்பார். கடைசியில் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பார். பிறகு ஒரு தீக்குச்சியை வெள்ளைப் பெயின்டில் தொட்டு, அடித்தகட்டில் அந்த வயதைச் சின்னதாக எழுதிவிடுவார். அடுத்த தடவை அதே பொருள் வந்தால் பழைய எண்ணைச் சுரண்டிவிட்டுப் புது எண் எழுதுவார். பெரம்பலூரில் பாதி அடுக்களைகளில் பொருட்களைக் கவிழ்த்துப் பார்த்தால் அவர் கையெழுத்து இருக்கும்.

"பொருளு மூஞ்சியில பொய் சொல்லுமுங்க, அடியில சொல்லாது" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை.

ஒரு தடவை அரியலூரிலிருந்து ஒரு ரிடையர்டு அதிகாரி ரொட்டி சுடும் டோஸ்டர் ஒன்றைப் பட்டுத்துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். அவருடைய தாத்தாவுக்கு வெள்ளைக்காரக் கலெக்டர் கொடுத்துவிட்டுப் போனதாம். பாய் கவிழ்த்துப் பார்த்தார், ஸ்குரூவைத் தடவினார். "சார், தாத்தா எப்ப தவறுனாரு?" என்று கேட்டார். சுதந்திரத்துக்கு முன்னாலேயே என்றார் அவர். "அப்படின்னா இது அவரு போனப்புறம் வந்து சேந்திருக்குங்க. இந்த மாதிரி ஸ்குரூ நம்ம பக்கம் வந்தே பத்து வருசம்தான் ஆவுது." டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அதிகாரி டோஸ்டரை மறுபடி பட்டுத்துணியில் சுற்றாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். இந்தக் கதையைப் பாய் என்னிடம் சொல்லும்போது சிரிக்கவில்லை. "அந்த ஆளு சந்தோசமா வச்சிருந்தாரு டீச்சர். நான் ஏன் சொன்னேன்?" என்றார். அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் நான்.

என் கல்யாணம் எழுபதுகளின் கடைசியில் நடந்தது. எங்களுக்கு ஆண்டிமடம் பக்கம் கொஞ்சம் முந்திரிக் காடு. மாப்பிள்ளை வீடு பெரம்பலூர் டவுன். பீரோ, கட்டில், பாத்திரம் எல்லாம் பேசி முடித்த பிறகு, வெற்றிலைத் தட்டை எடுக்கும் நேரத்தில் என் மாமியாராகப் போகிறவர், "டவுனுல எல்லாரும் இப்ப மிக்சி வைக்கிறாங்க" என்றார். எங்கள் ஊரில் அதுவரை ஒருவர் வீட்டிலும் மிக்சி கிடையாது. அப்பா திருச்சிக்குப் போய் இரண்டு நாள் அலைந்து, ஒரு அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். சந்தன நிறத்தில் பளபளவென்று இருந்தது. சீர்வரிசையில் அதைத்தான் முதலில் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்பா அதற்கு ஒரு முழம் கதம்பம் சுற்றியிருந்தார்.

இரண்டாவது மாதமே அது தீய்ந்த நாற்றம் அடித்தது. மாமியார் என்னையும் கூட்டிக்கொண்டு ரகீம் பாய் கடைக்குப் போனார். என் தலைவிதி, அங்கே போனதும் மாமியார் இது யாருடையது என்று சொல்லவில்லை. "இது எத்தினி வருசத்துச் சரக்குன்னு பாத்துச் சொல்லுங்க பாய்" என்று மட்டும் கேட்டார். அவருக்கு ஏற்கெனவே சந்தேகம் இருந்திருக்கிறது. பழைய மிக்சி ஒன்றை விலைக்கு வாங்கப் போகிறார்கள், ஏமாந்துவிடக் கூடாது என்று நம்மிடம் கேட்கிறார்கள் என்றே பாய் நினைத்திருக்கிறார். பின்னால் நின்ற என் புதுத் தாலிக் கயிற்றை அவர் பார்க்கவில்லை. பெண்களை நிமிர்ந்து பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

கவிழ்த்தார், அழுத்தினார், தட்டினார், மோந்தார். "எட்டு வருசம் நல்லா ஒழைச்ச மோட்டாருங்க இது. பாத்து வாங்குங்க" என்று சொல்லி, தீக்குச்சியை எடுத்து அடியில் 8 என்று எழுதினார். சொன்னது சரியாக இருந்ததில் அவர் முகத்தில் ஒரு நிறைவு இருந்தது. அதை நான் மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மாமியார் மிக்சியை அடுக்களை நடுவில் வைத்துவிட்டு, "உங்கப்பாரு புதுசுன்னுதானே குடுத்தாரு?" என்று கேட்டார். என் கணவர் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். எங்கப்பா பொய் சொல்ல மாட்டார் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். எனக்கு வாயில் வந்தது வேறு. அந்த வருடம் முந்திரிப் பூ கருகிப்போனது எனக்குத் தெரியும். அப்பா கையைப் பிசைந்துகொண்டு நடந்ததைப் பார்த்திருந்தேன். பாவம், வேறு வழி இல்லாமல் பழசை வாங்கியிருப்பார் என்று அந்த ஒரு நிமிடத்தில் நானே நம்பிவிட்டேன். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, "பழசா இருந்தாலும் ஓடத்தானே செய்யுது அத்தை" என்றேன்.

அவ்வளவுதான். "பாத்தியாடா, மவளே ஒத்துக்கிட்டா" என்று மாமியார் தன் மகனைப் பார்த்துச் சொன்னார். நான் சொன்ன அந்த வார்த்தையை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. பாயிடமும் சொல்லவில்லை. இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

அந்த வாரமே என்னையும் மிக்சியையும் ஆண்டிமடத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். அப்பாவைப் பெரியவர்கள் நான்கு பேர் முன்னால் நிறுத்தி, ஏமாற்றுக்காரர் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்பா திரும்பத் திரும்ப ஒன்றே ஒன்றைச் சொன்னார். "புதுசுன்னுதாங்க குடுத்தான். பொட்டியப் பிரிக்காமத்தாங்க கொண்டாந்தேன்." அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. நானும் முழுதாக நம்பவில்லை.

மூன்றாவது வெள்ளிக்கிழமை, உச்சி வெயிலில், எங்கள் வாசலில் ஒரு ஆள் குடையோடு வந்து நின்றார். பெரம்பலூரிலிருந்து அரியலூர், அங்கிருந்து ஜெயங்கொண்டம், அங்கிருந்து ஆண்டிமடம் என்று மூன்று பஸ் மாறி வந்திருந்தார். தான் சொன்ன வயதால் ஒரு பெண் திரும்பி வந்துவிட்டாள் என்று டீக்கடையில் யாரோ சொல்லி அவருக்குத் தெரிந்திருக்கிறது. "நான்தாங்க அந்தப் பாவி" என்றுதான் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். அப்பா அவரை உட்காரச் சொல்லவில்லை. அவர் நின்றபடியே, "ஒரு தடவை பிரிச்சுப் பாக்க வுடுங்க" என்று கேட்டார்.

முந்திரி காயப்போடும் களத்தில் ஒரு சாக்கை விரித்து மிக்சியை முழுதாகப் பிரித்தார். சந்தன நிறத்தைக் கத்தி முனையால் சுரண்டினார். உள்ளே பச்சை நிறம் வந்தது. அடியில் பெயர்த்தகட்டைக் காட்டினார். தகட்டைச் சுற்றி நான்கு பழைய ஓட்டைகள் அடைக்கப்பட்டிருந்தன. "பாருங்க. எட்டு வருசத்து மோட்டாருக்குப் புதுச் சட்டை மாட்டி, புதுப் பொட்டியில வச்சு வித்திருக்கான். இது வாங்கினவருக்குத் தெரியவே தெரியாது. சட்டை மாத்துனது எனக்கே பிரிச்சப்புறம்தான் தெரியுது. உங்கப்பா ஏமாத்தலம்மா. ஏமாந்திருக்காரு."

கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்துச் சொன்னார். அன்றுதான் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் உள்ளே போய் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அப்பாவை நம்பாமல் போனேனே என்று அழுதேன். அது வெளியே இருந்தவர்களுக்குப் புருஷன் வீட்டை நினைத்து அழுவதாகத் தெரிந்திருக்கும்.

மறு வெள்ளிக்கிழமை பாயும் அப்பாவும் திருச்சிக்குப் போனார்கள். அப்பாவிடம் இருந்தது பெயர் அச்சடிக்காத ஒரு துண்டுச் சீட்டு. இது எங்கள் கடைச் சீட்டே இல்லை என்று சொல்லிக் கடைக்காரன் வேறு வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டான். பாய் என் மாமியார் வீட்டுக்கு மூன்று தடவை போனார். முதல் தடவை உட்காரவைத்துக் கேட்டார்கள். இரண்டாவது தடவை நிற்கவைத்துக் கேட்டார்கள். மூன்றாவது தடவை போய்விட்டு ஆண்டிமடம் வந்து, "நான் பழசுன்னு சொன்னப்ப ஒடனே நம்புனாங்க. இப்ப இவரு மேல தப்பில்லன்னு சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க. எல்லாம் நான் வாயைத் தொறந்ததால வந்தது" என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்பாவுக்கு அன்றுதான் கோபம் வெடித்தது. "நீ ஒரு வார்த்தை சொல்லாம இருந்திருந்தா எம்பொண்ணு அங்க இருந்திருப்பா. என்னா மனுசன்யா நீ" என்று கத்தினார். பாய் குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வந்து, அவர் இல்லை அப்பா, நான்தான் என்று சொல்லக் கால் எடுத்தேன். அதற்குள் பஸ் சத்தம் கேட்டது. இது சாக்கு என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு எத்தனையோ நாள் இருந்தது.

அடுத்த வருடமே என் கணவருக்கு வேறு கல்யாணம் ஆயிற்று. அந்தப் பெண் வீட்டில் என்ன மிக்சி கொடுத்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. நான் ஆசிரியப் பயிற்சிக்குப் போனேன். மூன்றாவது வருடம் அப்பா இறந்துபோனார். கடைசி வரை ஊர்க் கூட்டத்தில் அவர் முன்வரிசையில் உட்காரவில்லை. துக்கத்துக்குப் பாய் வந்தார். பந்தலுக்குள் வராமல் தெருவிலேயே நின்றார். "அந்த ஆளுதான்" என்று என் பெரியப்பா காதுபடச் சொன்னார். பாய் சுடுகாடு வரை கூட்டத்துக்குக் கடைசியில் நடந்து போய்விட்டுத் திரும்பினார்.

எனக்கு வேலை கிடைத்தது பெரம்பலூரில். வேறு ஊர் கேட்டேன், கொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் அவர் கடை. முதல் நாள் என்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். "உக்காருங்க பாய்" என்று நான்தான் சொன்னேன். இந்த ஏழு வருடமும் எங்களுக்குள் பேச்சு அப்படித்தான் வளர்ந்தது. இதற்குள் அவர் புதிதாக வருகிறவர்களுக்கு வயது சொல்வதை ஏறக்குறைய விட்டிருந்தார். யாராவது கேட்டால் முதலில், "யாரு வூட்டுப் பொருளுங்க இது? எதுக்குக் கேக்குறீங்க?" என்று விசாரிப்பார். பதில் சரியாக வராவிட்டால், "கண்ணு சரியாத் தெரியலீங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார். பலர் நிஜமாகவே அவருக்குக் கண் மங்கிவிட்டது என்று நம்பினார்கள்.

ஒரு தடவை எறையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் குக்கர் ஒன்றைக் கொண்டுவந்தார். பின்னால் மருமகள் நின்றாள். புதுத் தாலிக் கயிற்றை இந்த முறை பாய் பார்த்துவிட்டார். குக்கருக்குப் பன்னிரண்டு வயதாவது இருக்கும். "இந்த வருசத்துச் சரக்குதாங்க" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் மூச்சு வந்ததாம். உள்ளே இருந்த ரப்பரைப் பேசிக்கொண்டே மாற்றினார். சேஃப்டி வால்வு கைவசம் இல்லை. "அடுத்த வாரம் கொண்டாங்க, வால்வை மாத்திடறேன்" என்றார். "புதுசுக்கு எதுக்குங்க மாத்தணும்?" என்று அந்த அம்மாள் கேட்டார். நியாயமான கேள்வி. பாய் குக்கரைத் துடைத்துக் கையில் கொடுத்தார். அவர்கள் மறுபடி வரவே இல்லை. ஒரு மாதம் கழித்துக் குக்கர் வெடித்து அந்தப் பெண்ணுக்குக் கையும் கழுத்தும் வெந்துபோனது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்றைக்குப் பாய் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு எந்தப் பொருளையும் தொடாமல் உட்கார்ந்திருந்தார். "உண்மையச் சொன்னேன், உங்க வாழ்க்கை போச்சு. பொய்யச் சொன்னேன், அந்தப் புள்ள கை வெந்து போச்சு. வாயைத் தொறக்காமலே இருந்துடலாம்னா, அடியப் பாத்ததும் வயசு தெரிஞ்சு தொலைக்குது. நான் என்னதாங்க செய்யறது டீச்சர்?" என்று கேட்டார். நாற்பது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவள் நான். எனக்கும் தெரியல பாய் என்றேன். டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் அதைக் குடிக்காமல் ஆறவிட்டார்.

பாய் இறந்த செய்தி கேட்ட மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ஜைனம்பு அம்மா, கணவர் இறந்தபின் வெளியே வராமல் இருக்கும் இத்தாவில், உள்ளறையில் வெள்ளைத் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார்கள். பாய் என்னால் நிறைய மனக் கஷ்டப்பட்டுவிட்டார் என்று நான் சொன்னேன். அதற்கு அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"உங்க மாமியார் வூட்டுக்கு மூணாந்தடவை போயிட்டு வந்தாங்கல்ல, அன்னிக்கு வூட்டுக்கு வந்து சோறே திங்கல. என்னன்னு கேட்டேன். அந்தம்மா சொன்னாங்களாம், 'நீங்க யாருங்க நடுவுல? அவ வாயாலேயே பழசுன்னு ஒத்துக்கிட்டா'ன்னு. அதை அந்தப் பொண்ணோட அப்பாகிட்ட சொல்லிட வேண்டியதுதானே, உங்க மேல இருக்குற பழி போயிடும்ல, அப்படின்னு நான் கேட்டேன். அந்த மனுசனுக்கு மிச்சம் இருக்குறது அந்தப் பொண்ணு ஒண்ணுதான் ஜைனம்பு, அவரு கோவம் எம்மேலயே இருந்துட்டுப் போவட்டும்னாங்க. உங்ககிட்டயும் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க. அவுங்களே போயிட்டாங்க. இனி என்னா சத்தியம்."

என் கை அவர்கள் கைக்குள் இருந்தது. அதை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. எங்கள் வாசலில் அப்பா கத்தும்போது, பாய்க்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. கதவுக்குப் பின்னால் நான் நிற்பதும் தெரிந்திருக்கும். ஏழு வருடம் தினமும் அந்தக் கடையைத் தாண்டிப் போனேன். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை நின்றேன். ஒவ்வொரு தடவையும் அவர் வேறு பேச்சை எடுத்துவிடுவார். அது ஏன் என்று இப்போது தெரிகிறது.

வீட்டுக்கு வந்து மிக்சியைக் கவிழ்த்துப் பார்த்தேன். இன்னும் ஓடுகிறது. பாய்தான் ஓடவைத்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் பொருளில் பழைய எண்ணைச் சுரண்டிப் புது எண் எழுதுகிறவர், என் மிக்சியை மட்டும் எத்தனை தடவை ரிப்பேர் செய்தும் எண்ணைத் தொடவில்லை. 8 என்றே இருக்கிறது. அதற்கு இப்போது பத்தொன்பது வயது. அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த எட்டும், அவர் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தையும்தான்.

அப்பா யார் மேல் கோபப்பட்டிருக்க வேண்டும் என்று தெரிந்தும் நாங்கள் இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. பாய் திறக்காதது எனக்காக. நான் திறக்காததும் எனக்காகத்தான்.